டேஷ்போர்டு பளபளக்கட்டும்... கண் கூச வேண்டாமே!

வாட்டர் சர்வீஸுக்குப் போன கார் திரும்பி வந்து வாசலில் நிற்கிறது. எட்டிப் பார்த்தால் டேஷ்போர்டு, கதவு ஓரம், ரெக்ஸின் சீட் எல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்ட குழந்தை மாதிரி பளபளன்னு மின்னுகிறது. ‘அட, புது வண்டி மாதிரி இருக்கே!’ என்று உங்களுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள். பின்சீட்டில் பாட்டிக்குத் தலைவலி, சின்னவனுக்குக் குமட்டல். ஓட்டுகிற உங்களுக்கோ எதிர்வெயிலில் ரோடே சரியாகத் தெரியவில்லை!

இதற்கெல்லாம் அந்தப் பளபளப்பே காரணமாக இருக்கலாம். அதற்காகப் பாலிஷே போடக் கூடாது என்றில்லை. எதை வாங்குகிறோம், எங்கே தடவுகிறோம் என்பதில்தான் விஷயம்.

ரெக்ஸின், வினைல் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் பி.வி.சி.தான். வீட்டுத் தண்ணீர்க் குழாய் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதே பி.வி.சி.யில் எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியைக் கலந்துதான் சீட்டுக்கு ஏற்ற மாதிரி துவளச் செய்கிறார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள், ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 20 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு ஏறிவிடும். நேர் வெயில் படும் டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரியையும் தாண்டும். அந்தச் சூட்டில் மென்மையூட்டி கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் விரலால் தேய்த்தால் பிசுக்காக ஒரு மங்கல் படலம் வருகிறதே, அதில் இதுவும் சேர்த்திதான். போதாக்குறைக்குப் புற ஊதாக் கதிர்கள் வேறு. வருடக்கணக்கில் இப்படிக் காய்ந்தால் வினைல் வெளுத்து, விறைத்து, கடைசியில் வெடிக்கும்.

‘சார், இதைத் தடவினா போன எண்ணெய் எல்லாம் திரும்ப உள்ளே போயிடும்’ என்று கடைக்காரர் சொன்னால் சிரித்தபடி கேட்டுக்கொள்ளுங்கள். போனது போனதுதான்! நல்ல பாலிஷ் செய்யக்கூடியது, மேலே மெல்லிய காப்பாக நிற்பது மட்டுமே. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் சேர்ந்திருந்தால் இன்னும் விசேஷம்.

கடையில் இரண்டு ஜாதி கிடைக்கும். ஒன்று, பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். இது ‘வாட்டர் பேஸ்டு’, அதாவது தண்ணீரில் கலந்தது. மற்றது எண்ணெய் போலத் தெளிவாக, மூடியைத் திறந்ததுமே மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். பெட்ரோலிய ஆவித் திரவத்தில் கரைத்தது இது. லேபிளில் தீச்சுடர் படமும் இருக்கும். பளபளப்பு பிரமாதமாகத்தான் வரும். ஆனால் அந்த ஆவி மூடிய காருக்குள் சுற்றிக்கொண்டே இருந்தால் தலைவலி, குமட்டல் வரலாம். ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். நாளடைவில் வினைலுக்கும் இது நல்லதல்ல. எனவே வெள்ளைத் திரவத்தையே வாங்குங்கள். வாசனை சேர்க்காததாக இருந்தால் இன்னும் நல்லது. எலுமிச்சை, மல்லிகை என்று வாசனை தூக்கலாக இருப்பதும் சிலருக்கு மூச்சு முட்டும். தேங்காய் எண்ணெய் வைத்தியம் வேண்டவே வேண்டாம். தூசியை அப்பிக்கொள்ளும், நாளானால் சிக்கு வாடை வேறு!

அடுத்து, லேபிளில் ‘மேட் ஃபினிஷ்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மினுக்காமல் மங்கலாக நிற்கும் வகை அது. கடையில் பார்க்கும்போது ‘இதென்ன, போட்ட மாதிரியே தெரியலையே’ என்று தோன்றும். தோன்றட்டும்! டேஷ்போர்டு மின்ன மின்ன, அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து எதிரே வருகிற ஆளையே மறைக்கும். வயதானவர்களுக்கும், கண்புரை ஆரம்பித்தவர்களுக்கும் இந்தக் கூச்சம் இன்னும் அதிகம். அப்பாதான் வீட்டில் வண்டி ஓட்டுகிறார் என்றால் இந்த ஒரு காரணமே போதும்.

தடவும் முறையிலும் பக்குவம் உண்டு. வண்டியை நிழலில் நிறுத்தி, நான்கு கதவையும் திறந்து வையுங்கள். முதலில் ஈரத்துணியால் தூசியைத் துடைத்து உலர விடுங்கள். பாலிஷை நேரே டேஷ்போர்டில் பீய்ச்சாமல், துணியில் ஊற்றித் தடவுங்கள். ஏ.சி. துவாரத்திலும் சுவிட்சுகளிலும் இறங்காது, காற்றில் பறந்து மூக்கிலும் ஏறாது. பத்து நிமிஷம் கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். முதல் தடவையாக இருந்தால் சீட்டின் அடி ஓரத்தில் துளி தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது உத்தமம்.

ஸ்டீயரிங், கியர் பிடி, பிரேக் பெடல் பக்கம் மட்டும் மறந்தும் போகாதீர்கள். வழவழவென்றாகி, அவசரத்தில் அழுத்தும்போது கால் சறுக்கினால் என்ன ஆகும்? உட்காரும் சீட்டிலும் வேண்டாம். சடன் பிரேக் போட்டால் குழந்தை வழுக்கி முன்னே வந்துவிடும். சர்வீஸுக்கு விடும்போதே, ‘பெடலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் பாலிஷ் போடாதேப்பா’ என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நல்ல எண்ணத்தில் அதையும் மினுக்கி வைத்துவிடுவார்கள்.

காருக்குள் பென்ஸீன் விஷம் நிரம்பியிருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் சுற்றுகிறதே... அதில் உள்ள பயங்கரக் கணக்குகளை நம்பிப் பதற வேண்டாம். ஆனால் வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிச் சூட்டையும் வாடையையும் வெளியேற்றிவிட்டு ஏ.சி. போடுவது நல்ல பழக்கம்தான்.

ஸ்பிரே டப்பாவாக இருந்தால் காரிலேயே விட்டுவைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். மிச்சமிருக்கும் திரவத்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் கூடாது. மண்ணெண்ணெய் வாடை வகையைக் குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் இறங்கினால்தான் பெரிய ஆபத்து. குழந்தையோடு அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.