எட்டாத கருவியின் சுழிப்பிழை

ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் செய்வது என்ன? சுழிப்பிழை பார்ப்பது. அதைக் குறிக்காமல் கம்பியின் விட்டத்தை எத்தனை முறை அளந்தாலும் விடை தவறுதான். (என் மாணவர்களில் பாதிப்பேர் இதை மறந்துவிட்டு, கடைசியில் ஏட்டைத் திருத்துவார்கள்!) கருவி 650 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தால் சுழிப்பிழையை யார் போய்ப் பார்ப்பது?

விண்ணிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களைக் காற்று மண்டலம் உறிஞ்சிவிடுகிறது. ஆகையால் கருவியை மேலே அனுப்பியே தீர வேண்டும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் அத்தகைய தொலைநோக்கி ஒன்று பொருத்தப்பட்டது. அதன் கண் ஒரு சிலிக்கன் தகடு. எக்ஸ்-கதிர் ஃபோட்டான் அதில் விழுந்தால் எலெக்ட்ரான்கள் விடுபடும். ஓர் எலெக்ட்ரானுக்குச் சராசரி 3.65 எலெக்ட்ரான் வோல்ட் செலவு. எனவே எலெக்ட்ரான்களின் அளவைக் கொண்டு ஃபோட்டானின் ஆற்றலைக் கணக்கிடலாம். ஆனால் விண்வெளியில் பாயும் புரோட்டான்கள் தகட்டின் படிக அமைப்பைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. சிதைந்த இடங்களில் எலெக்ட்ரான்கள் சில சிக்கிக்கொள்ளும், கணக்குக் குறையும், விண்மீனில் இல்லாத மாறுதல் இருப்பதுபோல் தோன்றும்.

இதைக் கண்டறிய, தகட்டின் மூலைகளில் கதிர் விழும்படி இரும்பு-55 என்னும் கதிரியக்க ஐசோடோப்பை வைத்தார்கள். அது மாங்கனீஸாக மாறும்போது 5.9 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ்-கதிர் பிறக்கிறது. ஒரு ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 1,600 எலெக்ட்ரான்கள் வர வேண்டும். குறைந்தால், குறைந்த அளவே பிழை. இரும்பு-55இன் அரை ஆயுட்காலம் 2.7 ஆண்டுதானே, அதுவும் தேய்ந்துபோகாதா என்று கேட்பீர்கள். தேயும். ஆனால் குறைவது ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான்; ஒவ்வொன்றின் ஆற்றலும் அப்படியே இருக்கும்.

ஒளிர்வை அளக்க இது போதாது. இந்தக் கதிர் தொலைநோக்கியின் ஆடிகள் வழியாக வருவதில்லை. அதற்கான எடைக்கல்லை வானிலேயே தேடினார்கள். ரிஷப மண்டலத்தில், 1054-ல் சீனர்கள் கண்டு குறித்துவைத்த விண்மீன் வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலா கிடைத்தது. அதன் ஒளிர்வு மாறாதது என்று நம்பி, 'கிராப்' என்று ஓர் அலகே ஏற்படுத்திவிட்டார்கள்.

எடைக்கல்லே தேய்ந்தால்? 2008-லிருந்து 2010 வரை அதன் ஒளிர்வு சுமார் 7 சதவீதம் குறைந்ததை ஃபெர்மி செயற்கைக்கோளின் கருவி காட்டிற்று. கருவிக் கோளாறு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ஸ்விஃப்ட், இன்டெக்ரல், ரோஸி எக்ஸ்-கதிர்க் கோள் ஆகிய மூன்றும் அதே குறைவைப் பதிவு செய்திருந்தன. வெவ்வேறு அமைப்புடைய நான்கு தராசுகள் ஒரே அளவு பிழை செய்யுமா? மாறியது நெபுலாதான் என்று 2011 ஜனவரியில் அறிவித்தார்கள். ஒரே பொருளைப் பல செயற்கைக்கோள்கள் ஒரே நேரத்தில் நோக்கி, தத்தம் அளவுகளை ஒப்பிட்டுக்கொள்வதும் இதனால்தான்.