இரட்டைச் சைக்கிளில் எது எங்கே இருக்க வேண்டும்?

சைக்கிளைப் பற்றி நம் தொழிலாளர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மில் சங்கு ஊதிய காலத்தில், டிபன் கேரியரை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று வேர்க்க விறுவிறுக்க மிதித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். மனைவியைக் கேரியரிலும் குழந்தையை முன் பாரிலும் உட்கார வைத்துக் கோயிலுக்கும் சினிமாவுக்கும் போய் வந்தவர்கள் அநேகம். 'டபுள்ஸ்' போனதற்காகப் போலீஸ்காரர் மடக்கி, டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட கதையை வீட்டுக்கு வீடு சொல்வார்கள்.

இருவர் போவதற்கென்றே, அதுவும் இருவரும் சேர்ந்து மிதிப்பதற்கென்றே செய்த சைக்கிள் ஒன்று உண்டு. அதற்கு 'டாண்டம்' என்று பெயர். கொடைக்கானல் ஏரிக்கரைக்குச் சுற்றுலா போனவர்கள், வாடகைச் சைக்கிள்களுக்கு நடுவே நீளமாக ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பார்கள். இரண்டு சக்கரம், இரண்டு சீட்டு, இரண்டு ஹாண்டில்பார், இரண்டு ஜோடி பெடல். இளைஞர்கள் இதை ஏரியைச் சுற்றும் வேடிக்கையாக நினைக்கிறார்கள். ஆனால் இதில் நூற்றுக்கணக்கான மைல் பிரயாணம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் யோசிப்பது சாமான்களைப் பற்றித்தான். எதை எடுத்துப் போவது என்பதைவிட, எதை எங்கே வைப்பது என்பதுதான் இதில் பெரிய கேள்வி.

பெயரும் பழமையும்

'டாண்டம்' என்பது லத்தீன் சொல். 'நெடுநேரம் கழித்து', 'கடைசியாக' என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் இரண்டு குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீளமாகப் பூட்டிய வண்டிக்கு விளையாட்டாக இந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு அதே பெயர் சைக்கிளுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. 1890-களில் மேல்நாடுகளில் இந்தச் சைக்கிளுக்கு ஏக மவுசு இருந்தது. ஒலிம்பிக் பந்தயங்களில்கூட டாண்டம் ஓட்டம் 1972-ல் மியூனிக் நகரப் போட்டி வரை இடம் பெற்றிருந்தது. மாற்றுத் திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகளில் இன்றும் உண்டு. அங்கே முன்னால் பார்வையுள்ளவரும், பின்னால் பார்வைக் குறைபாடு உள்ளவரும் அமர்ந்து ஓட்டுகிறார்கள்.

முன்னவர் வேலை, பின்னவர் வேலை

முன்னால் இருப்பவரை 'காப்டன்' என்பார்கள். வண்டியைத் திருப்புவது, பிரேக் பிடிப்பது, கியர் மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. பின்னால் இருப்பவருக்கு 'ஸ்டோக்கர்' என்று பெயர். ரயில் எஞ்ஜினில் கரி அள்ளிப் போடுகிறவரைக் குறிக்கும் அதே சொல்தான் இது. அவருக்கும் ஹாண்டில்பார் உண்டு. ஆனால் அது திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டுமே. இருவர் பெடல்களையும் இடது பக்கத்தில் ஒரு செயின் இணைக்கிறது. பின் சக்கரத்தைச் சுழற்றும் செயின் வழக்கம்போல் வலது பக்கத்தில். சாதாரணமாக ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் சேர்ந்தே சுற்றும்.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். முன்னவரின் இரண்டு கையும் எப்போதும் ஹாண்டில்பாரில்தான் இருக்க வேண்டும். சுமார் எட்டு அடி நீளமுள்ள வண்டி. இரண்டு ஆள் கனம். ஒரு கையை எடுத்துப் பையைத் துழாவினால் வண்டி அலைபாயும். அலைபாய்ந்தால் விழுவது இரண்டு பேர். பின்னவருக்கோ கை ஓய்வாக இருக்கிறது. ஆகையால் இந்தச் சைக்கிளில் பின்னவர்தான் ஸ்டோர் கீப்பர். தண்ணீர் எடுத்துத் தருவது, தின்பண்டம் பிரித்துத் தருவது, திரும்பும்போது கை காட்டுவது, வழி பார்ப்பது எல்லாம் அவர் வேலை.

'நின்று எடுத்துக்கொண்டால் போகிறது' என்று சிலர் சொல்லலாம். தனிச் சைக்கிள் என்றால் ஒரு காலை ஊன்றி நின்றுவிடலாம். இதில் அப்படியில்லை. முன்னவர் காலை அகட்டி நின்று வண்டியைத் தாங்க வேண்டும். பின்னவர் ஏறி அமர வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தி மிதித்தால்தான் கிளம்பும். ஒரு வாய் தண்ணீருக்கும் ஒரு கைக்குட்டைக்கும் இந்தப் பாட்டைப் பட முடியாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஆள் இரண்டு ஆனாலும் சக்கரம் இரண்டுதான். பின் கேரியர் ஒன்றுதான். இரண்டு பேர் சாமானை ஒரு சைக்கிளின் இடத்தில் அடக்க வேண்டும். கண்டதையும் கட்டிக்கொண்டு கிளம்ப இங்கே வழியில்லை.

எது எங்கே?

தண்ணீர்: பாட்டில்களைச் சட்டத்தில் மாட்டும் கூட்டில் வைக்க வேண்டும். பின்னவர் குனியாமல் எடுக்கக்கூடிய இடமாக இருப்பது நல்லது. முன்னவர் குடிக்க வேண்டுமானால் நேரான, சமமான சாலையில், 'தண்ணீர்' என்று குரல் கொடுத்து வாங்கிக் குடித்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீரும் மற்றொன்றில் உப்பு சர்க்கரைத் தண்ணீரும் இருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்பது வயிற்றுப்போக்குக்கு எல்லோரும் அறிந்த அளவு. வெயிலில் வேர்த்துக் களைத்தவருக்கும் இது தெம்பு தரும்.

தின்பண்டம்: முன்னவரின் சீட்டுக்கு அடியிலோ, பின்னவரின் ஹாண்டில்பாரிலோ ஒரு சிறு பையைக் கட்டிவிட்டால் பின்னவர் கைக்கு எதிரிலேயே இருக்கும். சைக்கிள் வீரர்கள் அணியும் சட்டையில் முதுகுப் பக்கம் பை வைத்துத் தைத்திருப்பார்கள். தனியாகப் போகிறவர் அதில் கைவிட்டுத் துழாவ வேண்டும். டாண்டத்தில் பின்னவரே முன்னவரின் முதுகுப் பையிலிருந்து எடுத்துவிடலாம். வாழைப்பழம், பேரீச்சை, லோனாவாலா சிக்கி, நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இவையெல்லாம் ஏற்றவை. ஒரு கையால் பிரிக்க முடியாத பொட்டலத்தைக் கிளம்பும் முன்பே பிரித்து, துண்டு துண்டாக வைத்துக்கொள்வது உத்தமம்.

பணம், அடையாள அட்டை, செல்போன்: இவற்றை வண்டியில் வைக்கக் கூடாது, உடம்போடு இருக்க வேண்டும். டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகும்போது பையைக் கழற்ற மறந்தாலும் ஊர் திரும்ப வழியிருக்கும். இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் வைத்திருப்பது நலம்.

மழைக்கோட்டும் மருந்துப் பெட்டியும்: பின் பையில் எல்லாவற்றுக்கும் மேலே. பம்பாய் மழையைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் சொல்லவே வேண்டாம். துணிமணியை எல்லாம் வெளியே போட்டு, அடியிலிருந்து கோட்டை எடுப்பதற்குள் துணிமணியும் நனையும், ஆளும் நனைவார்.

பழுதுபார்க்கும் சாமான்: இது ஓடும்போது தேவைப்படாது. ஆனால் தேவைப்படும்போது ஒரே இழுப்பில் வெளியே வர வேண்டும். ட்யூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் ரப்பர்த் துண்டு, பசை, உப்புத்தாள், டயர் கழற்றும் லீவர், ஸ்பானர், பம்பு, உபரிக் கம்பிகள் சில. இரண்டு ஆள் கனம் தாங்குவதால் டாண்டம் சக்கரத்தில் கம்பிகள் அதிகம். 40, 48 கம்பிகள்கூட இருக்கும். டயரும் சீக்கிரம் தேயும்.

முக்கியமாக ஒன்று. பின் பிரேக் கேபிளும் கியர் கேபிளும் இதில் மிக நீளம். சாதாரணச் சைக்கிள் கேபிள் எட்டாது. வழியில் உள்ள சைக்கிள் கடையில் எது கிடைத்தாலும் இது கிடைப்பது துர்லபம். ஆகையால் நீளக் கேபிள் ஒன்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளாமல் கிளம்பக் கூடாது.

எது கூடாது?

டிபன் கேரியரையோ துணிப் பையையோ ஹாண்டில்பாரில் தொங்கவிடும் நம் பழக்கம் இங்கே உதவாது. பை ஆடினால் ஹாண்டில் இழுக்கும். கம்பியில் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும். கனமான சாமான் தாழ்வாகவும், அசையாமல் இறுக்கமாகவும் இருக்க வேண்டும்.

பேண்ட் கிளிப் விஷயத்திலும் ஒரு வித்தியாசம். சாதாரணச் சைக்கிளில் வலது காலுக்கு மட்டும் கிளிப் மாட்டுவோம். டாண்டத்தில் இரு பக்கமும் செயின் ஓடுவதால் இரண்டு காலுக்கும் மாட்ட வேண்டும். துப்பட்டா, முந்தானை, பை நாடா எதுவும் தொங்கக் கூடாது.

பின்னவருக்குப் பார்வை இல்லாவிட்டால்

ரயில்வேயிலும் வங்கியிலும் தொலைபேசி இணைப்பகத்திலும் பார்வையற்ற ஊழியர்கள் பணியாற்றுவதை வாசகர்கள் அறிவார்கள். அவர்களில் எத்தனை பேருக்குச் சைக்கிள் மிதிக்கும் ஆசை மனதுக்குள்ளேயே கிடக்கிறதோ! அந்த ஆசைக்கு வழி திறப்பது இந்த இரட்டைச் சைக்கிள்தான்.

புனேயைச் சேர்ந்த திவ்யான்ஷு கணாத்ரா தம் 19-வது வயதில் கண் அழுத்த நோயால் பார்வையை இழந்தவர். அவர் தொடங்கிய 'அட்வென்ச்சர்ஸ் பியாண்ட் பாரியர்ஸ் பவுண்டேஷன்' என்ற அமைப்பு, பார்வையற்றவரையும் பார்வையுள்ளவரையும் ஒரே டாண்டத்தில் அமர்த்தி, மணாலியிலிருந்து லே வழியாகக் கார்துங் லா கணவாய் வரை அழைத்துச் சென்றிருக்கிறது. அந்தக் கணவாயின் உயரம் 5,359 மீட்டர். அதாவது 17,500 அடிக்கும் மேல். நடந்தாலே மூச்சு வாங்கும் இடம்.

அப்படிப்பட்ட ஜோடிக்கு, பொருள்களை வைக்கும் ஒழுங்கு சௌகரியத்தோடு நின்றுவிடுவதில்லை. அதில்தான் பின்னவரின் சுதந்திரமே இருக்கிறது. தண்ணீர் எங்கே, மருந்து எங்கே என்பதை அவர் கை அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து வைக்க வேண்டும். 'இதோ, இந்தப் பக்கம் காலியாக இருக்கிறதே' என்று முன்னவர் ஒரு பாட்டிலை இடம் மாற்றினால், பின்னவர் அந்த நிமிஷத்தில் மறுபடியும் குருடராகிவிடுகிறார்.

தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளச் சின்ன அடையாளங்கள் போதும். வெறும் தண்ணீர் பாட்டிலில் ஒரு ரப்பர் பாண்டு. உப்பு சர்க்கரைத் தண்ணீருக்கு இரண்டு. மருந்துப் பையின் ஜிப்பில் ஒரு முடிச்சு, பழுதுபார்க்கும் பையின் ஜிப்பில் இரண்டு. குளிர்ப் பிரதேசத்தில் விரல் மரத்துப் போனால் பார்வையுள்ளவரும் ஜிப்பைப் பிடிக்க முடியாமல் திணறுவார். நூல்கயிற்றில் ஒரு வளையம் கட்டிவிட்டால் இருவருக்குமே உபகாரம்.

முன்னவர் வாய் ஓயக் கூடாது. 'பள்ளம்', 'வேகத்தடை', 'இடது திருப்பம்', 'கியர் மாற்றுகிறேன்', 'நிறுத்தப் போகிறேன்' என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டே போக வேண்டும். மலையிறக்கத்தில் இந்த வண்டி தனிச் சைக்கிளைவிட வேகமாக ஓடும். பிரேக் பிடித்துப் பிடித்து ரிம் சூடேறும். அந்த நேரத்தில் பின்னவர் பையைத் திறக்கவே கூடாது. முன்னவரும் எதையும் கேட்கக் கூடாது.

இரக்கத்தால் வரும் தவறு ஒன்றும் உண்டு. 'நீங்கள் சும்மா இருங்கள், நானே நிறுத்தி எடுத்துத் தருகிறேன்' என்று முன்னவர் சொல்வது அன்பாகத் தோன்றும். ஆனால் அப்படிச் சொன்னால் மிதிக்கும் தோழர் ஏற்றிச் செல்லும் மூட்டையாகிவிடுகிறார். ஸ்டோர் கீப்பர் சாவியை அவரிடமே விட்டுவிடுவதுதான் மரியாதை.

ரயிலில் கொண்டு போகிறவர்களுக்கு

தூரதேசப் பிரயாணத்துக்கு டாண்டத்தை ரயிலில் ஏற்றுவதானால், பயணச் சீட்டைக் காட்டி லக்கேஜாகவோ, சீட்டு இல்லாமல் பார்சலாகவோ புக் செய்யலாம். வண்டி நீளம் என்பதால் பிரேக் வேனில் இடம் உண்டா என்று பார்சல் ஆபீசில் முன்னதாகவே விசாரிப்பது அவசியம். பம்பு, பாட்டில், விளக்கு, சீட்டுப் பை முதலிய கழன்றுவிடும் பொருள்களை எல்லாம் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெயர், விலாசம், இறங்கும் ஸ்டேஷன் எழுதிய அட்டையை முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாகக் கட்டிவிட்டால் ஒன்று கிழிந்தாலும் மற்றது இருக்கும்.

முதலில் மைதானம், பிறகு சாலை

டாண்டம் விலை கூடிய சாமான். எல்லாக் கடையிலும் கிடைக்காது. பட்டறையில் இரண்டு பழைய சட்டங்களை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், பற்றுவைத்த இடம் விட்டால் இருவர் உயிருக்கும் ஆபத்து என்பதை மறக்கக் கூடாது. வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால், வண்டி நடமாட்டம் இல்லாத மைதானத்தில் நாலைந்து நாள் பழக வேண்டும். ஏறுவது, கிளம்புவது, நிற்பது கைவந்த பிறகு, ஓடும்போதே பாட்டிலை எடுத்துக் கொடுத்து வாங்கிப் பழக வேண்டும். அது தடுமாறாமல் நடந்தால் சாலைக்குப் போகலாம்.

டாண்டம் கிடைக்காதவர்களுக்கும் இதில் பயன் உண்டு. நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும் முன், உங்கள் சைக்கிளில் பம்பும் ஒட்டுச் சாமானும் மழைக்கோட்டும் எங்கே இருக்கின்றன என்று, கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பாருங்கள். கைக்கு உடனே அகப்படாத பொருள் எதுவோ, அதற்கு இன்றே ஓர் இடம் ஒதுக்கிவிடுங்கள்.