விடுபட்டவர்களுக்கு ஒரு நாள்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது கணக்கு. டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடியபடி ஏறுவார்கள். ஒரு படியைக்கூட விட்டுவிட்டு மேலே போவதில்லை.

சுகாதாரத் துறையின் காலண்டரும் இப்போது ஏறக்குறைய அப்படி நிரம்பிவிட்டது. ஜனவரி 30 தொழுநோய் ஒழிப்பு நாள், மார்ச் 24 காசநோய் நாள், ஏப்ரல் 7 உலக சுகாதார நாள், ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம், செப்டம்பர் ஊட்டச்சத்து மாதம், அக்டோபர் மார்பகப் புற்றுநோய் மாதம், நவம்பர் 14 நீரிழிவு நாள், டிசம்பர் 1 எய்ட்ஸ் நாள். ஆனால் இந்த நாட்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்றுதான் போகின்றனவா?

நம் தாத்தா பாட்டி காலத்தில் இப்படிக் காலண்டர் எதுவும் கிடையாது. நோய் வந்தால்தான் சுகாதாரம் வந்தது. காவடியும் மொட்டையுமாகக் கூட்டம் திரளும் ஆடிக் கிருத்திகை போன்ற திருவிழாக்கள்தான் அதிகாரிகளுக்குக் கவலையான நாட்கள். லட்சக்கணக்கானோர் ஒரே குளத்தில் குளித்து, அதே ஊர்த் தண்ணீரைக் குடித்தால் காலரா பரவும் என்ற அச்சம். 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே தனி விதிகள் எழுதிவைத்தார்கள். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவதும், யாத்திரிகர்களுக்குக் காலரா ஊசி போடுவதும் தென்னாட்டுத் திருவிழாக்களின் ஒரு பகுதியாக இருந்தன. அந்த ஊசி பரவலைத் தடுக்காது என்று தெரிந்து, வெளிநாட்டுப் பயணத்துக்குக் காலரா ஊசிச் சான்றிதழ் தேவையில்லை என உலக சுகாதார நிறுவனம் 1973இல் முடிவு செய்தது. சுத்தமான தண்ணீர்தான் மருந்து என்பது அப்படித்தான் உறுதியானது.

ஊசிக்காரரைக் கண்டால் பிள்ளைகள் ஓடி ஒளிந்த காலம் அது. ‘அம்மை குத்துறவர் வந்துட்டார்’ என்ற சொல் தெருவுக்குள் வருவதற்கு முன்பே பாதி வீடுகளின் கதவு சாத்தியிருக்கும். அம்மையைத் தெய்வமாக வணங்கிய வீட்டில், அதை விரட்டப் போகிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் அச்சம் வராமல் என்ன செய்யும்? ஆனாலும் அவர் மறுபடி வந்தார், மறுபடி மறுபடி வந்தார். 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

அதே பிடிவாதத்தைப் போலியோ ஒழிப்பில் பார்த்தோம். நாடெங்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து என்ற திட்டம் 1995இல் தொடங்கியது. திருத்தணி போன்ற யாத்திரைத் தலத்துக்கு அந்தச் சொட்டு மருந்து நாளின் அருமை நன்றாகவே தெரியும். இங்கே நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் தெலுங்கு பேசிக்கொண்டு வருவோர் பாதி, அரக்கோணம் பக்கமிருந்து ரயிலில் வருவோர் பாதி. ஆந்திரக் குழந்தையா, தமிழ்நாட்டுக் குழந்தையா என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாதபடி எல்லையின் இரு பக்கமும் ஒரே நாளில் மருந்து கொடுத்தார்கள், சுண்டுவிரலில் மை வைத்தார்கள். அன்று விடுபட்ட குழந்தையைத் தேடி அடுத்த நாட்களில் வீடு வீடாகப் போனார்கள். என்னைக் கேட்டால், போலியோவை வென்றது இந்த வீடு தேடிப் போன நாட்கள்தான். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டதே கடைசி நோயாளி. 2014 மார்ச் 27 அன்று போலியோ அற்ற பகுதி என்ற சான்றிதழ் வந்தது.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும் குடற்புழு நீக்க நாளும் இந்த வகைதான். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். அன்று வராத பிள்ளைக்கு அடுத்த வாரம் இன்னொரு நாள் உண்டு. கையில் கொடுக்க ஒரு பொருள், விடுபட்டவருக்கு ஒரு மறுநாள் என இரண்டும் இருப்பதால் இந்த நாட்களை நான் மதிக்கிறேன். ஊர்வலம், உறுதிமொழி, பேனர், குழுப் படம் என்பதோடு முடியும் நாட்கள்தான் இப்போது பெருகிவிட்டன. பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நடக்கவைத்து நடத்தும் ஊர்வலம் எந்த நோயாளியின் வீட்டையும் எட்டுவதில்லை.

காசநோய் விஷயத்தில் நம் பகுதி உலகத்துக்கே பாடம் சொன்ன இடம். 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் வந்தது. அதே மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரணக் கிராம மக்கள் கை நீட்டினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மை அவர்களால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுப்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம். பின்பு 1999 முதல் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில், நோயாளி மாத்திரை விழுங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் ‘டாட்ஸ்’ சிகிச்சையைச் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம் நடத்திக் காட்டியது. இவ்வளவு கொடுத்த மண்ணில் மார்ச் 24 வெறும் உறுதிமொழி நாளாகப் போகக் கூடாது.

நல்ல மாற்றமும் கண்முன் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மலையடிவாரத்தில் பூ கட்டி விற்கும் அம்மாவால் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாது. அவருக்கு நவம்பர் 14ஐவிட மாதாமாதம் மாத்திரையோடு வாசலுக்கு வரும் பெண் பணியாளர் பெரிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ச் 3 உலக செவித்திறன் நாள். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டுப் பக்கம் தெருவுக்குள் நுழைந்தாலே விசைத்தறிச் சத்தம். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத அந்தச் சத்தத்தில் ஆயுள் முழுக்க நிற்கிறவர்கள் நெசவாளர்கள். அந்த ஒரு நாளில் தறிக்கூடத்துக்கே போய்க் காது பரிசோதிக்க வேண்டும். துண்டறிக்கைகளைத் தெலுங்கிலும் அச்சிட வேண்டும். வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் நிறைய.

மார்ச் 22 தண்ணீர் நாளன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. காசநோய் நாளுக்கு இரண்டே நாள் முன்பு. அன்று எழுந்து நின்று இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் ஊரில் காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? அவர்களைத் தேடிப் போவது யார்? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் எந்த நாளுக்கும் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சையில் இருப்போருக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் தருகிறார்கள்.