பழைய நகரில் முதல் இரு நாட்கள்

ஐதராபாத்துக்குச் சுற்றுலா செல்லும் நம் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் முதல் நாளை ராமோஜி திரைப்பட நகருக்கே ஒதுக்கிவிடுகின்றன. மறுநாள் சார்மினாரைக் காரில் இருந்தபடியே பார்த்து, முத்துமாலை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவோரும் உண்டு. விடுப்புப் பயணச் சலுகையில் அந்நகருக்குச் சென்ற நாங்கள் இம்முறையை மாற்றினோம். 73 வயதான எங்கள் தாயாரும் உடன் வந்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு; சைவ உணவு மட்டுமே உண்பார். ஆகவே ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வகுத்துக்கொண்டோம்.

நாங்கள் சென்று இறங்கியது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை செல்வோர் கவனிக்க வேண்டும்: சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கும் சௌமகல்லா அரண்மனைக்கும் அன்று விடுமுறை.

குதுப் ஷாகி மன்னர் முகம்மது குலி 1591இல் எழுப்பிய சார்மினாரின் மேல்தளத்தை அடையக் குறுகிய சுழற்படிகளில் ஏற வேண்டும். பிள்ளைகள் ஏறினர். தாயாருடன் நாங்கள் எதிரிலிருந்த ஈரானித் தேநீர்க் கடையில் அமர்ந்தோம். தேயிலைச் சாற்றை மூடிய பாத்திரத்தில் நெடுநேரம் காய்ச்சுகின்றனர். பால் வேறோர் அடுப்பில் சுண்டுகிறது. கோப்பையில்தான் இரண்டும் சேர்கின்றன. உடன் தரும் உஸ்மானியா பிஸ்கட்டில் இனிப்பும் உப்பும் கலந்திருக்கும். கடைசி நிஜாமான மீர் உஸ்மான் அலி கானின் பெயரைத் தாங்கியது அது. டிகிரி காபிக்குப் பழகிய நாவுக்கு முதல் மிடறு சற்றே திகட்டியது. இரண்டாவது கோப்பையைக் கேட்டவர் தாயார்தாம்.

அருகிலேயே லாட் பஜார். அரக்கை அனலில் இளக்கி, வளையமாக்கி, சூடு ஆறுமுன் கண்ணாடிக் கற்களை ஒவ்வொன்றாகப் பதிக்கும் கைவினைஞர்களை அங்கே காணலாம். பேரம் பேசலாம், ஒரு வளையலில் எத்தனை கற்கள் என்று எண்ணிப் பார்த்தபின் பேசுவது நன்று.

மதிய உணவே எங்களுக்குக் கவலையாக இருந்தது. ஊறவைத்த பச்சை இறைச்சியின்மேல் அரைவேக்காட்டுச் சோற்றைப் பரப்பி, பாத்திரத்தின் வாயை மாவால் அடைத்துத் தம் கட்டும் பிரியாணியே இந்நகரின் பெருமை. சைவர் அங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வேர்க்கடலை, எள், தேங்காய் ஆகியவற்றை அரைத்துப் புளி கரைத்துச் செய்யும் பகாரா பைங்கன் என்னும் கத்தரிக்காய்க் குழம்பும் மிளகாய் சாலனும் நம் வீட்டுச் சமையலுக்கு வெகு அருகில் நிற்பவை. 'நம் எண்ணெய்க் கத்தரிக்காயின் தங்கை' என்றார் தாயார். உலர்ந்த பாதாமி பழத்தில் செய்யும் குபானி கா மீட்டாவையும் தவறவிடலாகாது.

பிற்பகலில் சாலார் ஜங் அருங்காட்சியகம். அனைத்தையும் பார்க்க ஒரு நாள் போதாது. நாங்கள் இரண்டை மட்டும் தேர்ந்தோம். ஒன்று, இத்தாலியச் சிற்பி பென்சோனி வடித்த முக்காடிட்ட ரெபேக்கா. பளிங்கு மெல்லிய துணியாகி முகத்தைப் போர்த்தியிருக்கிறது. மற்றொன்று இசைக் கடிகாரம். மணிதோறும் சிறு பொம்மை ஒன்று வெளிவந்து மணியடிக்க, அதைக் காணப் பெரியவர்களும் குழந்தைகளாகிக் காத்திருக்கின்றனர்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் கன்ஃபவுண்டரி. வங்கியர் என்ற முறையில் அங்கே சற்று நின்றோம். நிஜாம் அரசின் ஹைதராபாத் ஸ்டேட் வங்கி 1942இல் தொடங்கிய இடம் அது. தனக்கென ஒரு ரூபாயையே வைத்திருந்த அரசின் வங்கி, பிற்காலத்தில் ஸ்டேட் பாங்க் ஆஃப் ஹைதராபாத் ஆகி, 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது.

இரண்டாம் நாள் கோல்கொண்டா. எட்டு மாத முற்றுகைக்குப் பின் 1687இல் ஔரங்கசீப் கைப்பற்றிய கோட்டை இது. நுழைவாயிலின் கவிகை மாடத்தின் கீழ் கைதட்டினால் குன்றின் உச்சியில் கேட்கும். வருவோரை மேலே அறிவிக்க அன்று பயன்பட்ட ஏற்பாடு. உச்சிக்கு நூற்றுக்கணக்கான படிகள். தாயாரால் ஏற இயலாது. பிறர் தட்டும் ஒலியும் கலக்குமாதலால், மூன்று தட்டு, சிறு இடைவெளி, பின் இரண்டு என அடையாளம் பேசிக்கொண்டு ஏறினோம்.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. வழிகாட்டிகளின் தட்டல்கள் வந்தவண்ணம் இருந்தன. பிள்ளைகள் மூச்சடக்கிக் காத்தனர். பிறகு மூன்று, சிறு இடைவெளி, இரண்டு. தெளிவாகவே கேட்டது.

அடுத்து, அருகிலுள்ள குதுப் ஷாகி கல்லறைத் தோட்டம். படிகளுக்கு அஞ்ச வேண்டாத சமதளம். அங்கே எங்களுக்கெல்லாம் முன்னால் நடந்தவர் தாயார்தாம்.