செருப்பு கடித்தும் வலிக்கவில்லையா? உஷார்!

செருப்பு கடித்தால் வலிக்கும். வலிக்கவில்லை என்றால்தான் ஆபத்து!

பல வருடங்களாகச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையலாம். செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாமல் நடப்பார்கள். ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்தி, காய்த்து, உள்ளே புண்ணாகிவிடும்.

1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளிடம் இதைத்தான் கண்டார். அவர்கள் பாதம் தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் பட்ட காயங்களே அதைச் சிதைத்தன. அவர்களுக்குப் பயன்பட்ட மிருதுவான எம்.சி.ஆர் ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளும் அணிகிறார்கள்.

பாத வடிவம் மாறியிருந்தால் அளவெடுத்துச் செய்யும் இன்சோல் தேவைப்படும். உடல் எடையை ஒரே புள்ளியில் இறக்காமல் பாதம் முழுக்கப் பகிர்வதுதான் அதன் வேலை.

எப்படிச் செய்கிறார்கள்? முதலில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா எனச் சோதிப்பார்கள். பிறகு ஃபோம் பெட்டியில் காலைப் பதித்து அச்சு எடுப்பார்கள். சில இடங்களில் ஸ்கேன் செய்வார்கள். அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் பாதத்தின் நகல் தயார். சூடாக்கிய ஈ.வி.ஏ ஷீட்டை அதன்மேல் படியவைத்து, ஓரங்களைத் தேய்த்துச் சரிசெய்வார்கள்.

புதிய இன்சோலை முதலில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் அணியுங்கள். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். எங்காவது சிவந்திருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். குனிய முடியாதா? தரையில் கண்ணாடி வையுங்கள், இல்லையென்றால் பேரனைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே புண் இருந்தால் முதலில் டாக்டர், செருப்பெல்லாம் அப்புறம்!