'பயப்படாதே' என்று சொல்லும் கை

டி.வி. ஸ்டாண்டிலோ பூஜை அலமாரியிலோ சின்ன புத்தர் சிலை இருக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிலையின் கைகளைக் கவனித்ததுண்டா?

மடியில் ஒரு கையின் மேல் மறு கையை வைத்திருந்தால், அது தியான முத்திரை. வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை நம் பக்கம் காட்டினால், அபய முத்திரை. 'பயப்படாதே' என்று பொருள். புத்தரின் கருணைக்கு அடையாளம் இது.

ராஜராஜ சோழன் காலத்தில், ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயைத் தந்தவர், சிவபக்தரான ராஜராஜன்!

1856 முதல் அந்த ஊரில் சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் பல, அபயக் கை காட்டி நிற்பவை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் பார்த்து வாருங்கள்.

சிலையின் கை உலோகம். அது இறங்கி வந்து யாரையும் தேற்றாது. அந்த வேலை நம்முடையது. நம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசா, பீகாரிலிருந்து பெற்றோருடன் வந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். தமிழ் புரியாமல் மிரண்டு உட்கார்ந்திருக்கும் அந்தத் தோழனிடம் 'பயப்படாதே, நான் இருக்கிறேன்' என்று நீட்ட வேண்டிய கை யாருடையது? உங்களுடையதுதானே!