வெல்டிங்: ஏன் 380ஐத் தாண்டக்கூடாது?

2014 நவம்பரில் லெடன்ஹால் கட்டடத்திலிருந்து, அதுதான் எங்கட 'சீஸ்கிரேட்டர்', உடைந்த போல்ட் துண்டு ஒன்று கீழே விழுந்தது. நல்ல காலம், ஒருத்தருக்கும் காயமில்லை. காரணம் ஹைட்ரஜன்: கடினம் கூடின எஃகுக்குள் அது புகுந்தால், பாரம் தாங்கிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று முறியும்.

வெல்டிங்கிலும் இதே வில்லன்தான். உருகிய இடத்தை ஒட்டிய எஃகு சட்டென்று ஆறினால் கடினமாகிவிடும். ஹைட்ரஜனும் சேர்ந்தால், மணித்தியாலங்கள் கழித்துக்கூட வெடிப்பு விழும். அதனால் வெல்டிங் முறையை அங்கீகரிக்க முன்னம், மாதிரித் துண்டை வெட்டி, சின்ன வைரப் பிரமிட்டை 10 கிலோ பாரத்தில் அழுத்தி, விழுந்த தழும்பை அளப்பினம். தழும்பு சின்னதென்றால் கடினம் கூட. சாதாரண கார்பன் எஃகுக்கு, வெப்பச் சிகிச்சை செய்யாவிட்டால், ஐஎஸ்ஓ 15614-1 தரும் உச்சம் 380 விக்கர்ஸ்.

ஆனா இது டெவ் சர்வரில் ஓடின டெஸ்ட் தானே. ஜனவரிக் குளிரில், சைட்டில் எஃகை முன்கூட்டிச் சூடாக்காமல் வெல்ட் பண்ணினால், அந்த ரிசல்ட் அங்கே செல்லாது.